பழைய நிரலும் புதிய வாயிலும்
பெருங்கணனி முறைமைகளின் புதுக்கம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொழினுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. புதிய பொறி தோன்றியதும் பழையது மறைந்துவிடுகின்றது என்ற எண்ணம் இத்தகைய வரலாறுகளின் அடியில் உறைந்து கிடக்கின்றது. கணனியின் வரலாறு இவ்வெண்ணத்துக்கு இசைவதாக மேலோட்டமாகத் தோன்றினும், ஆழ்ந்து நோக்குமிடத்து நிலைமை வேறாக உள்ளது. உலகின் பெரிய வங்கிகள், விமான நிறுவனங்கள், காப்புறுதிக் கழகங்கள், அரசாங்கத் திணைக்களங்கள் ஆகியவற்றின் அடிப்படைக் கணக்குகளிற் கணிசமான பகுதி, 1960களிலும் 1970களிலும் எழுதப்பட்ட நிரல்களாலும் அவற்றின் வழித்தோன்றல்களாலுமே இன்றும் நடத்தப்படுகின்றது. இப்பழைய முறைமைகளைப் புதிய காலத்தின் தேவைகளுக்கு இணக்குவதற்கு மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுள் ‘சேவைமையக் கட்டமைப்பு’ முதன்மையானது. அதன் தோற்றம், பயன், எல்லை ஆகியவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘மெயின்பிரேம்’ எனப்படும் பெருங்கணனி, ஒரு நிறுவனத்தின் முழுக் கணக்கையும் ஓரிடத்தில் வைத்து, பல நூறு பேர் ஒரே வேளையில் விடுக்கும் கோரிக்கைகளை இடையறாது நிறைவேற்றும் வகையில் அமைக்கப்பட்ட பொறியாகும். இதன் வரலாற்றில் 1964ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆந் திகதி ஒரு திருப்புமுனை. அன்றே ஐ.பி.எம். நிறுவனம் ‘சிஸ்ரம்/360’ என்ற கணனிக் குடும்பத்தை அறிவித்தது. அதற்கு முன்னர் அந்நிறுவனத்தின் ஒரு வகைக் கணனிக்கு எழுதிய நிரல் பிறிதொரு வகையில் இயங்குவதில்லை. கணனியை மாற்ற விரும்பிய நிறுவனம் தன் நிரல்களை மீண்டும் எழுத வேண்டியிருந்தது. புதிய குடும்பத்தின் சிறிய கணனிக்கு எழுதியது பெரியதிலும் இயங்கும் என்பதே 360இன் அடிப்படை வாக்குறுதி. எனினும், 1959இல் அறிமுகமாகிப் பத்தாயிரத்துக்கும் மேலாகப் பரவிய 1401 என்ற கணனியின் நிரல்களைக் கைவிட வாடிக்கையாளர் ஆயத்தமாக இருக்கவில்லை. ஆதலால், 360 வரிசையின் சிறிய மாதிரிகளில், 1401இன் கட்டளைகளை அவ்வாறே நிறைவேற்றும் உள்ளமைப்பும் சேர்க்கப்பட்டது. பழைய நிரலை என்செய்வது என்ற பிரச்சினை பெருங்கணனியின் முதுமையில் வந்த நோயன்று. அது அதனுடன் உடன்பிறந்தது என்பது இதனாற் புலனாகும்.

பொறியினும் நிரல் நெடுநாள் வாழ்ந்தமைக்கு மொழியும் ஒரு காரணமாகும். 1959இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆதரவுடன் கூடிய குழுவினர் வகுத்த ‘கோபோல்’ மொழி, வணிகத் துறையினர் வாசித்து விளங்கத்தக்க ஆங்கிலச் சொற்களால் அமைந்தது. கிறேஸ் ஹொப்பர் முன்னர் ஆக்கிய ‘புளோமற்றிக்’ மொழியின் செல்வாக்கு அதிற் பெரிதும் உண்டு. 1960ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ஒரே கோபோல் நிரல் இரு வேறு நிறுவனங்களின் கணனிகளில் இயக்கிக் காட்டப்பட்டது. இவ்வாறு பொறியிலிருந்து விடுபட்ட நிரல், பொறி மாறியபோதும் மாறாது நின்றது. வட்டி கணிக்கும் முறை, வரிச் சட்டத்தின் விதிவிலக்கு, ஓய்வூதியத்தின் சேவைக்கால வரையறை முதலியன ஆண்டுதோறும் அதில் அடுக்கடுக்காகப் படிந்தன. நடைமுறைகளை மனத்தில் வைத்திருந்த எழுதுவினைஞர் ஓய்வு பெற்றுச் சென்றபின், அவர் அறிந்தவற்றுட் பல நிரலில் மட்டுமே எஞ்சின. ஆகவே, இந்நிரல்களை வெறுங் கருவிகளாகக் கொள்வதிலும் நிறுவனங்களின் ஆவணக் காப்பகங்களாகக் கொள்வதே பொருந்தும்.

இவ்வகை முறைமை எவ்வாறு நிலைபெற்றது என்பதற்கு அமெரிக்கன் எயர்லைன்ஸ் நிறுவனத்தின் ‘சேபர்’ ஆசனப்பதிவு முறைமை தக்க சான்றாகும். 1953இல் லொஸ் ஏஞ்சலிசிலிருந்து நியூயோர்க் சென்ற விமானத்தில் அந்நிறுவனத் தலைவர் சி. ஆர். சிமித்தும் ஐ.பி.எம். நிறுவனத்தின் விற்பனை அலுவலர் பிளெயர் சிமித்தும் தற்செயலாக அருகருகே அமர்ந்து உரையாடியமையே இதன் தொடக்கம் எனப்படுகின்றது. நியூயோர்க் நகருக்கு வடக்கே நிறுவப்பட்ட இரு 7090 கணனிகளைக் கொண்டு 1964இல் அது முழுமை பெற்றது. 1972இல் ஒக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகருக்கு மாற்றப்பட்டு 360 வரிசைக் கணனிகளில் அமைந்தது. 1976 முதல் அதன் முனையங்கள் பயண முகவர்களின் அலுவலகங்களிலும் வைக்கப்பட்டன. ஓர் ஆசனம் ஒருவருக்கே என்பதை நொடிப்பொழுதில் உறுதிசெய்யும் இம்முறைமையை, குறுகிய குறியீடுகளைப் பயின்ற ஊழியர்களே இயக்க முடிந்தது. 1996இல் சேபருடன் தொடர்புற்ற ‘டிராவலோசிற்றி’ இணையத்தளம் தொடங்கப்பட்டபோது நிலைமை மாறிற்று. குறியீடு எதனையும் அறியாத பயணி, இடையில் ஊழியர் எவருமின்றித் தானே ஆசனம் தேடத் தொடங்கினார். ஊழியரை எண்ணி அமைக்கப்பட்ட வாயில் பொதுமக்களை எதிர்கொள்ள நேர்ந்தது. ஏனைய துறைகளின் பெருங்கணனிகளும் ஏறக்குறைய இதே காலத்தில் இதே நெருக்கடியைச் சந்தித்தன.

இந்நெருக்கடிக்கு முதலிற் கையாளப்பட்ட பரிகாரம் வேடிக்கையானது எனலாம். பெருங்கணனியின் வழமையான முனையம், 1971இல் வெளிவந்த 3270 வகையைச் சார்ந்தது. ஒவ்வொன்றும் 80 எழுத்துக்கள் கொண்ட 24 வரிகளைக் காட்டும் திரை அதில் விரிவாக வழங்கிற்று. மேசைக் கணனிகள் பரவியபின், அத்திரையின் முன் அமர்ந்த ஊழியரைப் போல நடிக்கும் நிரல்கள் எழுதப்பட்டன. அவை உரிய இடத்தில் எழுத்துக்களைத் ‘தட்டி’, ஐந்தாம் வரியில் இருபதாம் இடத்திலுள்ள தொகையை ‘வாசித்து’, புதிய திரைக்கு அனுப்பின. பெருங்கணனியிற் கைவைக்காமலே காரியம் நிறைவேறிற்று. ஆயின், எவரேனும் பழைய திரையில் ஒரு தலைப்பைச் சற்று நகர்த்தினாற் போதும், வாசித்த தொகை பிழையாகிவிடும். பழையதை அறியாமலே அதனைப் பயன்படுத்தும் வழியாக இது அமைந்தது. அதன் பலவீனமும் அதுவே.

அறியாமையின் விலையை உலகு உணர்ந்தது இரண்டாயிரமாம் ஆண்டுப் பிரச்சினையின்போது. துளையட்டையின் 80 நெடுவரிசைகளிலும் விலைமிக்க நினைவகத்திலும் இடத்தைச் சிக்கனப்படுத்துவதற்காக, ஆண்டை இறுதி இரு இலக்கங்களால் மட்டும் குறித்தமையே அதன் காரணம். அதனைத் திருத்துவதற்கு 30,000 கோடி முதல் 60,000 கோடி டொலர் வரை செலவாகலாம் என கார்ட்னர் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. ஓய்வுபெற்ற கோபோல் நிரலாளர் பலர் மீண்டும் அழைக்கப்பட்டனர். தம்மிடம் எந்த நிரல்கள் உள்ளன என்பதைப் பல நிறுவனங்கள் முதன்முதலாக ஒழுங்காகக் கணக்கெடுத்தது அப்போதே. 2000ஆம் ஆண்டு பெரிய விபத்தின்றிப் பிறந்தமையால் அவ்வுழைப்பு வீணென எண்ணியோரும் உளர். ஆயினும், நிரல்களைத் திறந்து வாசித்த அக்காலமே அடுத்த கட்டத்துக்கு நிலத்தைப் பண்படுத்தியது.

அடுத்த கட்டமே சேவைமையக் கட்டமைப்பாகும். இப்பெயரை 1996இல் கார்ட்னர் நிறுவனத்தின் ஆய்வாளர்களான ரோய் சுல்ற், யெபிம் நாற்றிஸ் ஆகியோர் வழக்கிற் கொணர்ந்தனர். கருத்து எளிதானது. ‘கணக்கின் மீதியைத் தெரிவி’, ‘முகவரியை மாற்று’ என்றவாறு, நிறுவனத்தின் தொழிலுக்குப் பொருள்தரும் ஒவ்வொரு பணியும் ஒரு சேவையாக வரையறுக்கப்படும். அதனிடம் எதனைக் கொடுக்க வேண்டும், அது எதனைத் திருப்பித் தரும் என்பது எழுத்திலான ஓர் ஒப்பந்தமாக வெளியிடப்படும். ஒப்பந்தத்தை மீறாதவரை, உள்ளே இருப்பது முப்பதாண்டுப் பழைமை வாய்ந்த கோபோல் நிரலா, நேற்று எழுதிய நிரலா என்பதைக் கேட்பவர் அறியவேண்டியதில்லை. திரையைப் பார்த்து நடிப்பதற்குப் பதிலாக, முறையான வாயில் ஒன்று அமைக்கப்பட்டது எனலாம். 1991இல் வெளிவந்த ‘கோர்பா’ நியமம் இதற்கு முன்னோடியாகும். 1998இல் ‘எக்ஸ்.எம்.எல்.’ பொது நியமமாக ஏற்கப்பட்டமையும், 2000இல் ‘சோப்’ என்ற செய்திப் பரிமாற்ற முறை உலகளாவிய வலை அமையத்திடம் சமர்ப்பிக்கப்பட்டமையும் இக்கருத்துக்குப் பொதுமொழியை வழங்கின. பெருங்கணனியிற் கொடுக்கல் வாங்கல்களை நடத்துவதற்கு 1969 முதல் வழங்கிவந்த ‘சிக்ஸ்’ மென்பொருளும், 2005இல் வெளிவந்த பதிப்பில் வலைச்சேவைகளை நேரடியாக ஏற்றது.

இக்கட்டமைப்பைப் பொறுமையுடன் கையாண்ட நிறுவனங்களுள் சுவிற்சர்லாந்தின் கிறெடிற் சுவிஸ் வங்கி ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றதாகும். ‘பி.எல்.1’ மொழியில் எழுதப்பட்ட அதன் பெருங்கணனி நிரல்களை ஒரே மூச்சில் மாற்றாமலும், அவ்வாறே விட்டுவிடாமலும், 1990களின் பிற்பகுதியிலிருந்து சேவைகளாகப் படிப்படியே வகுத்தனர். இவ்வனுபவத்தை மூரர், பொனாற்றி, பூரர் ஆகிய மூவரும் 2011இல் நூலாக எழுதினர். ஒவ்வொரு புதிய வேலையும் வணிகப் பயனைத் தருவதுடன் முறைமையின் நெகிழ்வையும் ஓரளவு உயர்த்த வேண்டும் என்பது அவர்கள் வற்புறுத்திய நெறி. வங்கி 2023இல் யூ.பி.எஸ். வங்கியுடன் சேர்க்கப்பட்டதற்குக் காரணங்கள் வேறு. இந்நெறியின் பெறுமதி அதனாற் குறைவதில்லை.

எனினும், எங்கும் இப்பொறுமை நிலவியது எனக் கூறமுடியாது. பல நிறுவனங்கள் சேவைமையக் கட்டமைப்பை விலைக்கு வாங்கத்தக்க பண்டமாகவே கருதின. வாயில் புதிதாக அமைந்தது. வீட்டினுள் என்ன உள்ளது என்பதை அறிந்தோர் தொகை ஆண்டுதோறும் குறைந்தது. 2009ஆம் ஆண்டு சனவரியில் ஆன் தோமஸ் மேன்ஸ் என்னும் ஆய்வாளர், சேவைமையக் கட்டமைப்பு இறந்துவிட்டது, சேவைகள் வாழ்க என்ற கருத்தமைய எழுதியது பெரும் விவாதத்தை எழுப்பிற்று. பெயருக்கு மதிப்புக் குறைந்தது, கருத்து அழியவில்லை. பின்னர் ‘நுண்சேவைகள்’ என்ற பெயரில் அது மறுவடிவம் பெற்றது.

பழையதை முற்றாகத் துறந்து ஒரே நாளிற் புதியதற்குத் தாவுவதன் ஆபத்தைப் பிரித்தானியாவின் ரி.எஸ்.பி. வங்கியின் அனுபவம் உணர்த்துகின்றது. லொயிட்ஸ் வங்கிக் குழுமத்திலிருந்து பிரிந்தபின்னும் அது அக்குழுமத்தின் கணனி முறைமையையே வாடகைக்குப் பயன்படுத்தி வந்தது. 2015இல் அதனை வாங்கிய ஸ்பானிய சபாடெல் குழுமம் தனது சொந்த முறைமையொன்றை அதற்கென அமைத்தது. 2018 ஏப்பிரலில் ஒரு வாரவிறுதியில் 52 இலட்சம் வாடிக்கையாளரின் கணக்குகள் அதற்கு மாற்றப்பட்டன. தரவுகள் செம்மையாகவே வந்து சேர்ந்தன. ஆனால், புதிய முறைமை வாடிக்கையாளரின் நெருக்கத்தைத் தாங்கவில்லை. ஏறத்தாழ 19 இலட்சம் பேர் தம் கணக்குகளை அணுக முடியாது தவித்தனர். வழமைநிலை முழுதும் திரும்ப அவ்வாண்டு டிசெம்பர் வரை சென்றது. வங்கிக்கு 33 கோடி பவுண் செலவாயிற்று. 2022இல் மேற்பார்வை அமைப்புகள் 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் தண்டமும் விதித்தன. கட்டங் கட்டமாக மாற்றாமல் பெரும்பாலும் ஒரே தடவையில் மாற்றத் துணிந்தமையைச் சுதந்திர விசாரணை அறிக்கையும் கண்டித்தது.

இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். 2020 ஏப்பிரலில், கொள்ளை நோயால் வேலையிழந்தோர் பெருந்தொகையாக உதவிப்பணம் கோரிய வேளையில், அமெரிக்காவின் நியூஜேர்சி மாநில ஆளுநர் கோபோல் அறிந்த தொண்டர்கள் முன்வர வேண்டும் எனப் பகிரங்கமாகக் கேட்டார். நாற்பதாண்டுப் பழைமை வாய்ந்த பெருங்கணனியே தாமதத்துக்குக் காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. ஆனால், கணனி வரலாற்றாசிரியர் மார் ஹிக்ஸ் இக்கருத்தை மறுத்தார். மக்கள் விண்ணப்பித்த இணையத்தளமே தடுமாறிற்று என்றும், அது மிகப் பின்னர் தோன்றிய ஜாவா மொழியில் எழுதப்பட்டது என்றும் அவர் காட்டினார். பழையதைப் பேணுவோருக்கு ஊதியமும் மதிப்பும் வழங்காது விட்டபின், பழைமையின் மீதே பழியைச் சுமத்துவது எளிதாகிவிடுகின்றது.

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை துலங்குகின்றது. நிரலின் வயது அதனைப் பழையதாக்குவதில்லை. அதனை விளங்கிக்கொண்டோர் இல்லாது போவதே அதனைப் பழையதாக்குகின்றது. சேவைமையக் கட்டமைப்பு அவ்விளக்கத்தை ஒப்பந்தமாக எழுதிவைக்கத் தூண்டிய இடங்களில் நிலைத்த பயன் விளைந்தது. விளக்கத்துக்குப் பதிலீடாகக் கொள்ளப்பட்ட இடங்களிற் பிரச்சினை பின்போடப்பட்டது, அவ்வளவே. 2004இல் மார்ட்டின் பௌலர், அவுஸ்திரேலியக் காடுகளில் தாய்மரத்தைச் சுற்றி வளர்ந்து ஈற்றில் அதன் இடத்தைத் தானே பெறும் அத்தி இனத்தை இப்புதுக்கத்துக்கு உவமையாக்கினார். பனையைத் தழுவி வளரும் ஆலை நம்மவரும் கண்டுள்ளனர். ஆல் தன் விழுதுகளை நிலத்தில் ஊன்றும்வரை பனை நின்றாக வேண்டும். அதற்கு முன்னர் பனையைத் தறிப்போர் இரண்டையும் இழப்பர். ஓய்வூதியத்தையும் சேமிப்பையும் இம்முறைமைகளிடம் ஒப்படைத்துள்ள மக்களுக்கு, இது பொறியியலாளரின் பிரச்சினை மட்டுமாகாது. ஒரு தலைமுறை அறிந்ததை அடுத்த தலைமுறைக்கு எழுத்தில் கையளிக்கும் கடமை, ஏடுகளைக் காத்தவர்களுக்கு இருந்தது போலவே நிரல்களை எழுதுவோருக்கும் உண்டு.