குருதி உலர்ந்த பின்னர்

கொலை நிகழ்ந்த வீட்டுக்குச் சென்று செய்தி சேகரித்த அனுபவம் பத்திரிகைத் தொழிலில் முதிர்ந்த எவருக்கும் உண்டு. பொலிஸார் அளந்து, படம்பிடித்து, சடலத்தை அகற்றியதும் நாமும் காரியாலயத்துக்கு விரைந்துவிடுவோம். அந்த நிலத்தைக் கழுவியவர் யாரென்று நான் எழுதியதுமில்லை, கேட்டதுமில்லை.

பொலிஸாரே கழுவுவர் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அது தவறு. ஐக்கிய அமெரிக்காவிலும் சான்றுகளைத் திரட்டியவுடன் பொலிஸாரின் கடமை முடிந்துவிடுகிறது. துப்புரவாக்கும் பொறுப்பு வீட்டுக்குரியவரையே சாரும். இறந்தவரின் தாயோ சகோதரனோ வாளியும் துணியுமாக முழந்தாளிட வேண்டியிருந்தது. இதற்கெனத் தனியானதொரு தொழில் அங்கு 1990களில்தான் விரிவடைந்தது. அத்தொழிலுக்கான பயிற்சியின் வேரைத் தேடிச் சென்றால், அது துப்பறிவாளர் உலகில் இல்லை. வைத்தியசாலைகளின் சலவைக்கூடத்திலும் கழிவு வாளியிலும் இருக்கிறது.

எயிட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை 1981 ஜூனில் வெளியானது. அச்சம் முழுவதும் அதன்மீது குவிந்தது. ஆனால் குருதியோடு பழகும் ஊழியரை அதற்கு முன்பிருந்தே சத்தமின்றித் தாக்கி வந்தது ஹெபடைற்றிஸ் பி எனும் ஈரலழற்சி. உலர்ந்த கறையிலும் அந்த வைரஸ் ஏழு நாட்களாவது உயிர்ப்புடன் இருக்கும். அதற்குரிய தடுப்பூசி 1981 இலேயே அங்கீகாரம் பெற்றுவிட்டது. எனினும் அதை ஊழியருக்கு வழங்குமாறு தொழில்தருநரைக் கட்டாயப்படுத்தும் கூட்டாட்சி விதி எதுவும் இருக்கவில்லை.

1986 செப்டெம்பரில் வைத்தியசாலை மற்றும் அரச ஊழியர் தொழிற்சங்கங்கள் தொழிற் பாதுகாப்பு, சுகாதார நிருவாகத்திடம் மனுச் சமர்ப்பித்தன. அவை கோரிய அவசர விதி மறுக்கப்பட்டது. ஆனால் வழமையான விதியாக்கம் தொடங்கிற்று. 1991 டிசெம்பர் 6 இல் விதி வெளியானது. அது வைத்தியரென்றும் கூலியாளென்றும் பேதம் பார்க்கவில்லை. பணியின்போது மனிதக் குருதி தன்மீது படக்கூடுமென நியாயமாக எதிர்பார்க்கத்தக்க எந்த ஊழியருக்கும் அது பொருந்தும். கொலைக்களத்தைத் துப்புரவாக்குபவர் அந்த ஒரு வாசகத்தின் வழியேதான் சட்டத்துக்குள் நுழைந்தார்.

பயிற்சி இலவசமாக, வேலை நேரத்திலேயே நடைபெற வேண்டும். ஆண்டுதோறும் மீளவும் அளிக்கப்பட வேண்டும். பயிற்றுநரிடம் நேரே கேள்வி கேட்க வாய்ப்பிருக்க வேண்டும். ஒளிநாடாவொன்றை ஓடவிட்டு ஒப்பம் வாங்குவது போதாது. பணியில் அமர்த்தப்பட்டுப் பத்து வேலைநாட்களுள் தடுப்பூசி வழங்க முன்வர வேண்டும். இவற்றுள் என்னை நிறுத்தி வாசிக்க வைத்தது வேறொன்று: பாடப் பொருள் ஊழியரின் கல்வித் தரத்துக்கும் எழுத்தறிவுக்கும் மொழிக்கும் ஏற்றதாக அமைய வேண்டுமாம். சட்டங்களில் தன் மொழியைத் தேடியே வயது போன ஒரு தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இதைச் சிறு விடயமென்று கடந்து செல்ல இயலவில்லை.

பயிலுநர் கற்பவை எளியவை போலத் தோன்றும். கையுறையை உட்புறம் வெளியே வருமாறு கழற்றுதல் அவற்றுள் ஒன்று. கறையை முதலில் கழுவி அகற்றிய பின்னரே கிருமிநாசினி இட வேண்டும். குருதி எஞ்சியிருந்தால் வெளிற்றும் திரவம் வலுவிழந்துவிடும். இட்டதை உடனே துடைக்கவும் கூடாது, குறித்த நேரம் ஈரமாக இருக்க விட வேண்டும். கம்பளத்தின் மேலே உள்ளங்கையளவு தெரியும் கறை, அடியில் அதைவிடப் பெரிதாகப் பரவியிருக்கும். சில தனியார் பயிற்சி நிலையங்கள் மிருகக் குருதியைத் தெளித்த அறைகளில் இவற்றைப் பழக்குகின்றன.

கலிபோர்னியா 1997 இல் இத்தொழிலுக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, இதில் ஈடுபடுவோர் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தில் பதிவு செய்ய வேண்டுமென்றது. நாடு முழுமைக்குமான உரிமப் பத்திரமோ இன்றுவரை இல்லை.

பதிவேடுகள் பற்றியும் 1991 விதி கூறுகிறது. பயிற்சி பெற்றமைக்கான பதிவை மூன்றாண்டுகள் வைத்திருந்தால் போதும். ஊழியரின் மருத்துவப் பதிவையோ, அவர் பணிபுரியும் காலம் முழுவதும், அவர் விலகிச் சென்ற பின்னர் மேலும் முப்பது ஆண்டுகளும் பேண வேண்டும். ஈரலை அந்த நோய் அரித்து முடிப்பதற்கு அவ்வளவு காலம் எடுக்கக்கூடும்.