எட்டடிச் சுவரும் எபேர் வாத்தியாரும்

மக்களே, முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ அப்பா குளியலறையில வழுக்கி விழுந்துட்டார். பெரிய அடி எதுவும் இல்லை. ஆனா அவரைத் தூக்கி நிறுத்த என்னால முடியலை. குனிஞ்சேன், பிடிச்சேன், இடுப்புதான் பிடிச்சுக்கிச்சு. கடைசியில பக்கத்து வீட்டுப் பையன் வந்து பூ மாதிரி தூக்கிட்டுப் போனான். பதினெட்டு வருஷமா கம்ப்யூட்டர் முன்னாடி ஆணி புடுங்கினதோட பலன் அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

நியூஜெர்சி திரும்பினதும் ஒரு தடை ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தேன். அஞ்சு கிலோமீட்டர், இருபது தடைகள். தங்கமணி ஏற இறங்கப் பார்த்துட்டு, "இன்ஷூரன்ஸ் எல்லாம் கட்டியாச்சுல்ல?"ன்னு மட்டும் கேட்டாங்க :-)

அஞ்சு மாசம் பயிற்சி. கம்பியைப் பிடிச்சுத் தொங்கணும். முதல் நாள் பதினோரு செகண்ட்தான் தாங்கினேன். இந்தியன் கடை இருபது பவுண்டு அரிசி மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு மாடிப்படி ஏறினேன். புல்தரையில கரடி மாதிரி கையும் காலும் ஊன்றி நடந்தேன். எதிர்வீட்டு நாய் குரைச்சது. ஆபீஸ்ல உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு, யார் இதை ஆரம்பிச்சு வச்சதுன்னு தேடினப்போதான் ஜார்ஜ் எபேர் கிடைச்சார்.

எபேர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. 1875இல் பிறந்தவர். 1902 மே 8ஆம் தேதி, கரீபியன் கடல்ல இருக்கிற மார்ட்டினிக் தீவில் பெலே எரிமலை வெடிச்சது. செயின்ட் பியர்ங்கிற ஊரே சில நிமிஷத்துல அழிஞ்சு, ஏறக்குறைய 28,000 பேர் செத்துப்போனாங்க. அதுக்கப்புறம் நடந்த மீட்பு வேலையில இருந்த கடற்படைக்காரங்கள்ல எபேரும் ஒருத்தர். ஆபத்து வந்தா ஓடணும், தாண்டணும், ஏறணும், இன்னொருத்தரைத் தூக்கிட்டும் வரணும். அந்த நேரத்துல அழகா முறுக்கேறின புஜத்தால மட்டும் பிரயோஜனம் இல்லைங்கிறது அவர் மனசுல ஆழமாப் பதிஞ்சது.

கப்பல்ல பல நாடு சுத்தினவர், காட்டிலும் கடலோரத்திலும் வாழ்ற மக்களோட உடம்பைப் பார்த்து அசந்து போனார். அவங்களுக்கு டிரில் மாஸ்டரே கிடையாது. அன்றாட வாழ்க்கையே பயிற்சி. திரும்பி வந்து கடற்படை வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது "இயற்கை முறை"ன்னு ஒண்ணை உருவாக்கினார். நடை, ஓட்டம், தாவல், நாலு கால் நடை, ஏறுதல், சமநிலை, எறிதல், தூக்குதல், தற்காப்பு, நீச்சல்னு மொத்தம் பத்து வகை. இதையெல்லாம் வரிசையாச் செய்ய ஒரு பாதை போட்டு, வழியெல்லாம் தடை வச்சார். 1913இல் ரெய்ம்ஸ் நகரத்துல இதுக்குன்னே தொடங்கின பயிற்சிக் கல்லூரிக்கு அவர்தான் தலைவர். அவரோட தாரக மந்திரம் ரொம்பச் சின்னது: பலமா இருக்கிறது அடுத்தவருக்குப் பயன்படுறதுக்குத்தான்.

இதைப் படிச்சதும் எனக்கு எங்க வீட்டுக் குளியலறைதான் ஞாபகம் வந்தது.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, எபேருக்குப் போட்டியே பிடிக்காது. பதக்கமும் ரெக்கார்டும் உடற்பயிற்சியோட நோக்கத்தையே கெடுக்குதுன்னு 1925இல் ஒரு புத்தகமே போட்டார். ஆனா அவர் விதைச்சது போட்டியாத்தான் வளர்ந்தது. பிரெஞ்சு ராணுவம் தடைப்பாதையைப் பிடிச்சுக்கிச்சு. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் ஆன்ரி தெப்ரூங்கிற பிரெஞ்சு ராணுவ அதிகாரி "ராணுவ பென்டத்லான்" போட்டியை உருவாக்கினார். 1947இல் ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரத்துல முதல் போட்டி. அதோட ஒரு பகுதிதான் 500 மீட்டர் தூரத்துல 20 தடைகள் தாண்டுறது.

எபேரோட பாதையில இன்னொரு கிளையும் பிரிஞ்சது. ரேமோன் பெல் வியட்நாமில் ராணுவப் பள்ளியில் இந்த முறையில வளர்ந்து, பின்னாடி பாரிஸ் தீயணைப்பு வீரரானார். அவர் பையன் டேவிட் பெல் மூலமா வந்ததுதான் சுவருக்குச் சுவர் தாவுற பார்க்கூர். பிரெஞ்சில் பாதைன்னு அர்த்தம்.

சாதாரண ஜனங்க காசு கட்டிச் சேத்துல புரள ஆரம்பிச்சது இங்கிலாந்துல. பில்லி வில்சன்னு ஒரு முன்னாள் ராணுவக்காரர், 1987இல் உல்வர்ஹாம்ப்டன் பக்கத்துல தன்னோட பண்ணையில "டஃப் கை" ஓட்டத்தைத் தொடங்கினார். அதுவும் ஜனவரி மாசக் குளிர்ல! செத்துப்போனா அது என் தப்புதான்னு ஓடுறவங்க முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

2010இல் இது அமெரிக்காவுக்கு வந்தது. மே மாசம் பென்சில்வேனியாவில் "டஃப் மடர்", அதே மாசம் வெர்மான்டில் "ஸ்பார்ட்டன் ரேஸ்". டஃப் மடரைத் தொடங்கின வில் டீன் ஹார்வர்டில் எம்.பி.ஏ. படிச்சவர். எங்க யோசனையைத் திருடிட்டார்னு டஃப் கை தரப்பு சண்டை போட, 7,25,000 டாலர் கொடுத்து சமரசம் ஆச்சு. ஸ்பார்ட்டன்ல நேரம்தான் கணக்கு. தடையில தோத்தா முப்பது பர்ப்பி போடணும்ங்கிறது அதோட பிரபலமான தண்டனையா இருந்தது. டஃப் மடர்ல நேரத்தை விடக் கூட்டாளிதான் முக்கியம்னு ஓடும் முன்னாடி உறுதிமொழி. எபேர் இருந்திருந்தா ரெண்டாவதுலதான் சேர்ந்திருப்பார். கடைசியில 2020இல் ஸ்பார்ட்டன் டஃப் மடரையே வாங்கிடுச்சு.

எல்லாமே ஜாலின்னு நினைச்சுடாதீங்க. 2013இல் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு தண்ணீர்த் தடையில குதிச்ச இளைஞர் மேல வரவே இல்லை. எழுதிக் கொடுத்த காகிதம் யாரையும் காப்பாத்தாது.

அடுத்தது ஒலிம்பிக். 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில, நவீன பென்டத்லான்ல முன்னணியில இருந்த ஜெர்மன் வீராங்கனைக்குக் கிடைச்ச குதிரை தாண்ட மறுத்துடுச்சு. பயிற்சியாளர் குதிரையைக் குத்த, உலகமே கொதிச்சது. விளைவு, 2024 பாரிஸோட குதிரை விடைபெற்றது. 2028 லாஸ் ஏஞ்சலிஸில் அந்த இடத்துக்குத் தடை ஓட்டம் வருதுன்னு முடிவாயிருக்கு. பதக்கமே வேணாம்னு சொன்ன வாத்தியாரோட பாடத்துக்குத் தங்கப் பதக்கம்!

சரி, என் கதைக்கு வர்றேன். போன செப்டம்பர், பென்சில்வேனியா மலைச்சரிவு, பதினாலாவது தடை: எட்டடி மரச்சுவர். மூணு தடவை குதிச்சேன். விரல் விளிம்பைத் தொட்டுட்டு வழுக்குது. பின்னாடி வந்த ஒரு அம்மா, ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும், ஒண்ணும் பேசாம ஒரு முட்டியை மடக்கி, அது மேல ஏறுன்னு தட்டிக் காட்டினாங்க. சேத்துக்காலோட அவங்க தொடையில மிதிச்சு ஏறினேன். மேலே உட்கார்ந்துக்கிட்டு அவங்க கையைப் பிடிச்சு இழுத்தேன். அடுத்து ஒரு காலேஜ் பையன். அப்புறம் அவனோட ஃப்ரெண்ட். என் நேரம் ஒரு மணி ஐம்பது நிமிஷம். ரொம்பக் கேவலம்தான் :-)

அன்னைக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "சுவர் ஏறுறதுக்குக் காசு வேற கொடுத்தியாடா?"ன்னார்.

டிசம்பர்ல ஊருக்குப் போறேன். அப்பா அறுபத்தெட்டு கிலோ. அரிசி மூட்டை இப்போ நாப்பது பவுண்டுக்கு வந்திருக்கு. இன்னும் நேரம் இருக்கு.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாராவது நேரா சுவர் ஏறிக் குதிச்சா கம்பெனி பொறுப்பில்லை. முதல்ல டாக்டரைப் பாருங்க, அப்புறம் கம்பியில தொங்குங்க.