புழுங்கல் அரிசியும் ஓர் அறநிதியும்: நெகிரி செம்பிலானில் நடந்த பெரிபெரி ஆய்வு

மருத்துவ ஆய்வைத் தாங்கும் அறநிதிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் காசோலை கொடுத்தவரிலிருந்துதான் தொடங்குவார்கள். பெரிபெரி ஆய்வின் கதையை அங்கிருந்து தொடங்கினால் பாதி விட்டுப்போகும். அதை மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துச் சோற்றுப் பானையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

சிரம்பானையும் போர்டிக்சனையும் இணைத்த சுங்கை ஊஜோங் இரயில்பாதை 1891இல் திறக்கப்பட்டது. அந்த வட்டாரத்தில் முதலில் காப்பியும் பிறகு ரப்பரும் பரவின. தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் லயத்து அடுப்பில் பொங்கியது ஊரில் தின்று பழகிய புழுங்கல் அரிசி. ஈயச் சுரங்கச் சீனர்களோ சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளையரிசியை உண்டார்கள். அவர்களுக்குக் கால் வீங்கியது, மரத்தது. கடைசியில் இதயம் நின்றது. இதுதான் பெரிபெரி. வீட்டிலேயே நெல் குத்திச் சமைத்த மலாய்க் கிராமத்தாரை நோய் அவ்வளவாகத் தொடவில்லை.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டவர் நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவர் பிராடன். 1907இல் பெரிபெரியின் காரணத்தையும் தடுப்பையும் பற்றித் தடித்த நூல் ஒன்றை வெளியிட்டார். தீட்டிய அரிசி பழசாகும்போது அதில் நஞ்சு ஊறுகிறது என்று முடிவு கட்டினார். முடிவு தவறு, ஆனால் குற்றவாளியைச் சரியாகவே காட்டிவிட்டார். அதற்குச் சற்று முன்பே கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர், ஒரு பிரிவினருக்கு வெள்ளையரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்திருந்தார். வெள்ளையரிசிப் பிரிவில் நோயும் சாவும் வந்தன. அங்கிருந்தவர்களை யாரும் தன்னார்வலர் என்று சொல்லிவிட முடியாது.

கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகம் 1900இல் நிறுவப்பட்டது. அது அரசுப் பணத்தில் நடந்தது, நன்கொடையில் அல்ல. அதைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் 1907இல் ஜெலுபு மாவட்டத்தின் காட்டுப்பகுதியான துரியான் தீப்புஸில், சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வெள்ளையரிசி, மறு பாதிக்குப் புழுங்கல். சுமார் மூன்று மாதத்தில் வெள்ளையரிசி உண்டவர்களிடம் பெரிபெரி தலைகாட்டியது. அந்த அரிசியை நிறுத்தியதும் நோய் அடங்கியது. 1909இல் வெளிவந்த இந்த ஆய்வுக்குப் பின் தொற்றுநோய் என்ற கருத்து நிற்க இடமில்லாமல் போயிற்று. நஞ்சு என்ற விளக்கத்தையும் அவர்கள் விட்டார்கள். அரிசியில் இருப்பதல்ல, தீட்டும்போது தவிட்டோடு போவதே காரணம் என்றார்கள்.

புழுங்கலில் மட்டும் அது எப்படித் தங்குகிறது? நெல்லை ஊறவைத்து, கொப்பரையில் உமி வெடிக்கும்வரை அவிக்கிறோம். தவிட்டில் இருக்கும் தயமின் என்ற உயிர்ச்சத்து ஈரத்தோடும் சூட்டோடும் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. களத்தில் காயவைத்து எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே நிற்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்கள் ஆவியின் வாசனையை வைத்தே பதம் பார்த்த வேலை இது. அந்த வாசனையைத்தான் மற்றவர்கள் நாற்றம் என்று ஒதுக்கினார்கள்.

1910இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவச் சங்கத்தின் முதல் மாநாட்டில் பிரேசரும் ஸ்டான்டனும் இதைப் பேசினார்கள். அங்கே பணியாற்றிய அமெரிக்க இராணுவ மருத்துவர் வெடர், தவிட்டிலுள்ள அந்தப் பொருளைப் பிரித்தெடுக்கும் பொறுப்பை ஓர் இளம் வேதியியலாளரிடம் கொடுத்தார். அவர் இராபர்ட் வில்லியம்ஸ், 1886இல் சென்னை மாகாணத்து நெல்லூரில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். பெயரிலேயே நெல்லை வைத்திருக்கும் ஊர்!

அமெரிக்கா திரும்பியபின் அவருக்கு வயிற்றுப்பாடு தொலைபேசி ஆய்வுக்கூடத்தில். பெரிபெரி வேலையை இரவிலும் விடுமுறை நாட்களிலும், தொடக்கத்தில் சொந்தப் பணத்தில் செய்தார். உண்மையான தன்னார்வலர் என்றால் இந்த வரலாற்றில் நான் சுட்டிக்காட்டுவது இவரைத்தான். 1926இல் பத்தேவியாவில் ஜான்சனும் டொனாத்தும் தயமின் படிகத்தைப் பிரித்தெடுத்தார்கள்; அதன் கட்டமைப்பைக் கண்டு 1936இல் ஆய்வுக்கூடத்தில் தொகுத்தது வில்லியம்ஸின் குழு.

காப்புரிமையில் வந்த பணத்தின் பெரும்பகுதியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கண்டுபிடிப்பாளர் காட்ரெல் 1912இல் தன் காப்புரிமைகளைக் கொடுத்துத் தொடங்கிய ஆய்வுக் கழகம் நியூயார்க்கில் ஏற்கெனவே இருந்தது. அதன் கீழ், உடன் உழைத்த வாட்டர்மேன் பெயரையும் சேர்த்து, உணவுக் குறைபாட்டு நோய்களை எதிர்க்க வில்லியம்ஸ்–வாட்டர்மேன் நிதி உருவாயிற்று. விற்ற உயிர்ச்சத்தின் பங்குத்தொகை ஊட்டச்சத்து ஆய்வுகளுக்கே திரும்பியது. வசூல் பெட்டி குலுக்காமல் நடந்த அறநிதி இது. அதன் மூலதனத்தில் துரியான் தீப்புஸ் சாலைக்காரர்களின் உடம்பும் தோட்டத் தமிழர்களின் சோறும் கலந்திருப்பதாக நான் எண்ணுகிறேன். முதலாமவர்கள் கொடுத்தார்கள் என்பதைவிட அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதே பொருத்தம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிலிப்பைன்ஸின் பத்தானில், வெள்ளையரிசியை விட்டுவிட மனமில்லாத மக்களுக்காக ஒரு பெருஞ்சோதனை நடந்தது. வில்லியம்ஸும் அவர் நிதியும் அதற்குத் துணைநின்றார்கள். அரிசி ஆலை நீக்கிய தயமினை வேதித் தொழிற்சாலையில் செய்து, அரிசியில் மறுபடி பூசிக் கொடுத்தார்கள். பெரிபெரிச் சாவு அங்கே சரிந்தது.