வட்டுக்கோட்டைச் செமினரியில் விஞ்ஞானமும் விசுவாசமும்

யாழ்ப்பாணத்து ஆங்கிலக் கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர், 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியைக் குறிப்பிடாது செல்வதில்லை. அங்கு கற்றோர் பெற்ற உத்தியோகங்களும் அவர்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டும் பலவாறு பேசப்பட்டுள்ளன. ஆயின், வேதாகமமும் வானியலும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்பட்ட அந்நிலையத்தில் இவ்விரண்டும் எவ்வாறு இணங்கி நின்றன என்ற வினா அடிக்கடி எழுப்பப்படுவதில்லை.

மிஷனரிமாரைப் பொறுத்தவரை அங்கே முரண்பாடு எதுவும் இருக்கவில்லை. முதல் அதிபரான டானியேல் பூவர் டாட்மத் கல்லூரியிலும் பின்னர் அன்டோவர் இறையியற் கல்லூரியிலும் பயின்றவர். படைப்பின் ஒழுங்கு படைத்தவனைக் காட்டும் என்ற கொள்கை அக்காலக் கிறிஸ்தவ அறிஞரிடையே ஆழ வேரூன்றியிருந்தது. 1802இல் வெளிவந்த பேலியின் இயற்கை இறையியல் நூல் அதற்குப் பெருவழக்களித்தது. நியூட்டன் கண்ட வானம் அவர்களுக்குக் கடவுளின் கைவேலை. டார்வினுடைய நூல் வெளிவந்ததோ செமினரி மூடப்பட்டு நான்கு ஆண்டுகளின் பின், 1859இல். எனவே பின்னாளிற் கிறிஸ்தவ மாணவரைக் கலக்கிய ஐயங்கள் வட்டுக்கோட்டையின் வகுப்பறைகளை எட்டவில்லை.

மாறாக, விஞ்ஞானம் அங்கே மதப் பிரசாரத்தின் படைக்கலமாகவே கொள்ளப்பட்டது. பூமியின் உருவத்தையும் அளவையும் அறிந்த மாணவன் மேருமலையையும் ஏழு கடல்களையும் நம்பமாட்டான். புராணத்தை நம்பாதவன் சைவத்தைக் கைவிடுவான். சைவத்தைக் கைவிட்டவன் கிறிஸ்துவை ஏற்பான் என்பது அவர்களது எதிர்பார்ப்பு. இவற்றுள் முதலாவது பெரும்பாலும் பலித்தது எனலாம். ஏனைய இரண்டும் அதனைத் தொடர்ந்தே வரவேண்டும் என்பதற்கு நியாயம் யாதுமில்லை.

1829இல் நிகழ்ந்த சந்திரகிரகண விவகாரம் இதற்குச் சிறந்த சான்றாகும். அவ்வாண்டு மார்ச் 20ஆந் திகதிக்குரிய கிரகணத்தை அவ்வூர்ப் பஞ்சாங்கக் கணிதரான விசுவநாத சாஸ்திரியார் கணித்திருந்தார். பூவர் தாமும் ஐரோப்பிய முறைப்படி கணித்து, கிரகணந் தொடங்கும் நேரம், நீடிக்குங் காலம், மறைபடும் பகுதியின் அளவு ஆகிய மூன்றிலும் பஞ்சாங்கம் பிழைபட்டுள்ளதென முன்கூட்டியே அறிவித்தார். குறித்த இரவில் வானம் பூவரின் பக்கமே சாட்சி சொன்னது. செமினரியின் மதிப்பு ஊரில் உயர்ந்ததில் வியப்பில்லை.

ஆயினும் இவ்வெற்றி எதனை நிறுவியது? சாஸ்திரியார் இராகு என்னும் பாம்பு சந்திரனை விழுங்கும் நேரத்தைக் கேட்டறிந்து பஞ்சாங்கம் எழுதியவரல்லர். பரம்பரையாக வந்த சித்தாந்தக் கணிதத்தைக் கொண்டே அவரும் எழுதினார். கிரகணத்தைக் கணக்கிட்ட கையே கிரகண காலத்து நீராடலுக்கும் நேரங் குறித்துக் கொடுத்தது. கணிதமும் புராணமும் ஒருவர் உள்ளத்தில் ஒன்றையொன்று நெருக்காது வாழக்கூடும் என்பதை அவரது மரபு நெடுங்காலமாக அறிந்திருந்தது. பிழைத்தது ஒரு வாய்பாடு, சமயமன்று. அமெரிக்கரும் தம் வேதாகமத்துக்கும் நியூட்டனுக்குமிடையே இதையொத்த சமாதானமொன்றையே செய்திருந்தனர் என்பது அவர்கள் கண்ணிற் பட்டதாகத் தோன்றவில்லை.

1836இல் அதிபரான ஹொய்சிங்டன் இதனை ஓரளவு உணர்ந்தவர் போலும். அவர் இந்து வானியலைப் பயின்று, 1848இல் அதனைத் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் நூலாக வெளியிட்டார். அதனைப் போற்றுதற்காகவே அவர் அவ்வாறு செய்தார் எனல் பொருந்தாது. எனினும், மறுக்க வந்தவர் முதலிற் கற்கவேண்டியவரானார். சிவஞானபோதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பும் 1854இல் அவர் பெயராலேயே அமெரிக்காவில் அச்சேறியது.

மாணவர் நிலையோ வேறு. சைவ வீட்டிலிருந்து வந்து, மிஷனின் செலவில் உண்டு உறைந்து, காலையும் மாலையும் கிறிஸ்தவ வழிபாட்டில் அமர்ந்த இளைஞன் ஒருவனின் உள்ளக்கிடக்கையை எந்த அறிக்கையும் நமக்குத் தெரிவிக்கப்போவதில்லை. அவர்களது பிற்கால வாழ்வே பேசுகின்றது. செமினரியில் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். விசுவநாதபிள்ளை வீசகணித நூல் எழுதியவர். சைவரை எதிர்த்து எழுதியவருங்கூட. இருவரும் பின்னர் சைவராகவே வாழ்ந்தனர். கற்ற கணிதத்தை அவர்கள் துறக்கவில்லை. அதைக் கற்பித்தவர் சமயத்தையே துறந்தனர். அதுமட்டுமன்று, தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தபோது காட்டிய நுணுக்கத்தில் செமினரிப் பயிற்சிக்கும் பங்குண்டு எனக் கருத இடமுண்டு.

1855இல் அமெரிக்க மிஷனின் செயலாளர் றூபஸ் அன்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழுவின் ஆய்வையடுத்துச் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலமும் விஞ்ஞானமும் உத்தியோகத்துக்கே வழிகாட்டின, திருச்சபைக்கன்று என்பது குழுவினரின் மனக்குறை. அதே ஆண்டின் தொடக்கத்தில் பூவர் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்திருந்தார்.

மானிப்பாயில் மற்றொரு முயற்சி அப்போதும் நடந்துகொண்டிருந்தது. 1847இல் இலங்கை வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தம் மாணவருக்கு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். ‘அங்காதிபாதம்’ முதல் ‘கெமிஸ்தம்’ வரை நூல்கள் பல அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. கிறீனும் பூவருக்குக் குறைந்த விசுவாசியல்லர். ஆயின் அவர் உடற்கூற்றியலைக் கொண்டு எவருடைய புராணத்தையும் பொய்ப்பிப்பதைத் தம் முதற்பணியாகக் கொள்ளவில்லை. நோயாளியைக் குணப்படுத்துவதே அவருக்குச் சமய ஊழியமாயிற்று. 1884இல் அமெரிக்காவில் இறந்த அவரது கல்லறைக் கல், அவர் விரும்பியவாறே, அவரைத் தமிழருக்கு வைத்திய ஊழியஞ் செய்த சுவிசேஷகர் என்று குறிக்கின்றது.