கைகளுக்கு மறுவாழ்வு தந்த மருத்துவர் பால் பிராண்ட்

மனிதன் உழைப்புக்கு முதற்கருவி கை. ஏர் பிடிப்பதும் எழுதுகோல் பிடிப்பதும் அதுவே. அக்கை முடங்கினால் தொழில் போகும். தொழில் போனால் ஊரில் மதிப்பும் போகும். தொழுநோயாளர் பலர்க்கு நேர்ந்த கதி இதுவே. அந்நோயால் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்றும், கெட்ட கையைத் திருத்தல் இயலாதென்றும் மக்களேயன்றி மருத்துவர் பலரும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தைத் தமிழகத்திலேயே ஆராய்ந்து மாற்றியவர் டாக்டர் பால் பிராண்ட்.

பிராண்ட் 1914ஆம் ஆண்டு பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தார். பெற்றோர் ஆங்கிலேயர், மலைவாழ் மக்களிடையே சமயத் தொண்டும் மருத்துவத் தொண்டும் புரிந்தவர்கள். ஒன்பதாம் வயதில் கல்வியின்பொருட்டு அவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பள்ளிப்படிப்பு முடிந்ததும் அவர் நாடியது மருத்துவமன்று. கட்டடத் தொழிலில் சேர்ந்து, தச்சு வேலையும் கல் வேலையும் சில ஆண்டுகள் பயின்றார். அதன் பின்னரே இலண்டனில் மருத்துவம் கற்று அறுவை மருத்துவரானார். உளியும் இழைப்புளியும் பிடித்த அப்பயிற்சி பிற்காலத்தில் வீண்போகவில்லை.

1946இல் வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். மறு ஆண்டில், தொழுநோய் வல்லுநரான டாக்டர் இராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். பறவையின் நகம்போல் விரல் வளைந்த கைகளை அவர் அங்கே கண்டார். ஒருவரது கையுள் தம் கையை வைத்து அழுத்தச் சொன்னார். பிடி தளர்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தவர் வலி பொறாது தவிக்கும்படி அப்பிடி இறுகிற்று. செயலற்றதாகத் தோன்றிய கையில் இத்துணை வலிமை எங்கிருந்து வந்தது? அவ்வினாவே அவருடைய ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

இதனை விளங்கிக்கொள்ளக் கையின் அமைப்பைச் சிறிது நோக்க வேண்டும். விரல்களுக்குள் தசை இல்லை. விரலை மடக்கும் பெருந்தசைகள் முன்கையில் உள்ளன. அவை கயிறு போன்ற நீண்ட தசைநாண்களால் விரலை இழுக்கின்றன. விரல்களை நேர்ப்படுத்தி, அவற்றின் அசைவை ஒழுங்குசெய்வன உள்ளங்கையிலுள்ள சிறு தசைகள். இறந்த நோயாளி ஒருவரின் உடலை அறுத்து ஆராய்ந்தபோது, நரம்புகள் எல்லா இடத்தும் ஒரே அளவில் கெடவில்லை என்பதைப் பிராண்ட் கண்டார். முழங்கைக்கு மேலும் மணிக்கட்டிலும் தோலை ஒட்டிக் குளிர்ச்சியாக உள்ள இடங்களிலேயே அவை வீங்கிச் சிதைந்திருந்தன. ஆகவே உள்ளங்கைச் சிறு தசைகள் செயலிழந்தன. முன்கைத் தசைகளுட் பல வலிமை குன்றாது நின்றன. விரல் வளைந்ததற்கும் பிடி தளராததற்கும் காரணம் இஃதே.

காரணம் தெரிந்தபின் வழியும் புலப்பட்டது. ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநாண்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றைப் பிரித்து, செயலிழந்த தசையின் வேலையை அதற்குத் தரலாம். பின்னர் மணிக்கட்டை நிமிர்த்தும் தசையொன்றையும் பயன்படுத்தி, காலிலிருந்து எடுத்த மெல்லிய தசைநாணை அதனோடு இணைத்து, நான்கு கிளைகளாக்கி நான்கு விரல்களுக்கும் கொண்டு சென்றார். அறுவையோடு பணி முடியவில்லை. இடம் மாறிய தசை புதிய வேலையைக் கற்க, நோயாளர் நாள்தோறும் பயிற்சி செய்யவேண்டியிருந்தது.

கை திருந்தியது, வாழ்வு திருந்தியதா? நலம் பெற்றுச் சென்றோருட் சிலர் வாடிய முகத்துடன் திரும்பி வந்தனர். நோயின் வடுக்களைக் கண்டோர் வேலை தர மறுத்தனர். நேரான விரல்களைக் கண்டோரோ முன்போல் இரங்கிப் பிச்சையும் இடவில்லை. பிச்சைக்கு உதவாத கையைத் தந்துவிட்டீரே என்ற அவர்களது குறை மருத்துவரை ஆழ்ந்து சிந்திக்கவைத்தது. கையைத் திருத்துதல் பாதி வேலையே. அக்கைக்கு ஒரு தொழிலைத் தருதல் மறுபாதி என்பதை அவர் உணர்ந்தார். 1951இல் வேலூரில் எளிய குடிசைகள் கொண்ட நவஜீவ நிலையம் அமைந்தது. அறுவை மருத்துவரே அங்கே தச்சாசிரியருமானார்.

அங்கே மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. நோய்க்கிருமி ஒழிந்த பின்னரும் கைகளிற் புதிய புண்கள் தோன்றின. ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடப்பட்டது. துருப்பிடித்த பூட்டைப் பிராண்டால் திறக்க இயலாதபோது ஒரு சிறுவன் சாவியை எளிதில் திருப்பினான். ஆனால் விரலின் சதை எலும்புவரை கிழிந்திருந்ததை அவன் அறியவில்லை. இரவில் விரலின் ஒரு பகுதியை இழந்தோரும் இருந்தனர். விழித்திருந்து பார்த்தபோது, உறங்குவோர் விரலை எலி கடிப்பது தெரிந்தது. அதன்பின் நோயாளர்க்குப் பூனைகள் வழங்கப்பட்டன. நோய் விரலைத் தின்னவில்லை. வலி என்னும் காவலனை அகற்றிவிட்டது. காவலற்ற கை காயத்துக்கு இரையாயிற்று. துன்பம் என்று நாம் வெறுக்கும் வலி, உடலைக் காக்கும் அரண் என்பதைப் பிராண்ட் வாழ்நாள் முழுதும் வற்புறுத்தினார்.

அவர்தம் மாணாக்கருள் டாக்டர் மேரி வர்கீஸ் குறிப்பிடத்தக்கவர். 1954இல் வாகன விபத்தில் இவருடைய கால்கள் செயலிழந்தன. ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையைத் தலைமையேற்று நடத்தினார். இழந்ததை எண்ணி ஏங்காது எஞ்சிய வலிமையைப் பயன்படுத்துக என்னும் கொள்கைக்கு அவர் வாழ்க்கையே சான்று.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். உணர்விழந்த பாதங்களையுடைய நீரிழிவு நோயாளர்க்கும் அவரது அறிவு பயன்பட்டது. 2003இல் காலமானார்.

இன்று தொழுநோய் கூட்டு மருந்துகளால் முற்றிலும் குணமாகும் நோய். எனினும் காலந்தாழ்த்தினால் கெட்ட நரம்பு மீள்வது அரிது. வெளிறிய தேமலும் அவ்விடத்தில் உணர்ச்சிக் குறைவும் அதன் தொடக்க அறிகுறிகள். வகுப்பறையில் ஒரு மாணவனிடம் அத்தகைய தேமலைக் காணும் ஆசிரியர், அவனை ஒதுக்காமல், அஞ்சாமல் உரிய காலத்தில் மருத்துவரிடம் அனுப்புவாராயின், பின்னாளில் அறுவையாலும் முழுதும் மீட்க இயலாத ஒரு கையைக் காத்தவராவார்.