பாலிமர் பரப்பில் செல் ஒட்டுதல்

ஆய்வகங்களில் செல் வளர்க்கும் தட்டுகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீனால் ஆனவை. பதப்படுத்தாத பாலிஸ்டைரீன் நீரை ஒதுக்கும். விலங்குச் செல்கள் பல அதில் சரியாகப் பற்றுவதில்லை. எனவே பிளாஸ்மா எனும் அயனியாக்கிய வாயுவால் அதன் மேற்பரப்பில் ஹைட்ராக்சில், கார்பாக்சில் போன்ற ஆக்சிஜன் தொகுதிகளை ஏற்றுகிறார்கள்.

செல் பிளாஸ்டிக்கையே பற்றுவதாக எண்ணுவது பொதுவாகச் சரியன்று. வளர்ப்பு ஊடகத்தின் சீரத்திலுள்ள ஃபைப்ரோநெக்டின், விட்ரோநெக்டின் முதலிய புரதங்கள் முதலில் பரப்பில் படிகின்றன. செல் சவ்விலுள்ள இன்டெக்ரின் என்ற ஏற்பிப் புரதங்கள் அவற்றைப் பிடிக்கின்றன. ஃபைப்ரோநெக்டினில் இந்தப் பிடிப்புக்கு ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற சிறு தொடரே முக்கியம் என்பதை 1984-இல் பியர்ஷ்பாக்கரும் ருவோஸ்லாட்டியும் காட்டினர். அடர்ந்த பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சில் புரதமே அதிகம் படியாது. ஆகவே செல்லும் ஒட்டாது.

ஒட்டியதை எடுப்பதுதான் கடினம். டிரிப்சின் நொதி பிடிப்புப் புரதங்களை வெட்டுவதால் செல்கள் தனித்தனியாகச் சிதறிவிடும். ஜப்பானின் டெருவோ ஒக்கானோ குழுவினர் 1990-இல் அழகான மாற்றுவழி ஒன்றை வெளியிட்டனர்: தட்டின்மீது வெப்பத்துக்கேற்ப மாறும் பாலி-என்-ஐசோப்ரொப்பைல்அக்ரிலமைடைப் பிணைத்தார்கள். 37 டிகிரி செல்சியஸில் இது சுருங்கி நீரை ஒதுக்கும், செல்கள் ஒட்டும். ஏறத்தாழ 32 டிகிரிக்குக் கீழே நீரேறி விரியும். செல்கள் தமக்கிடையிலான இணைப்புகளோடும் அடிப்புரதங்களோடும் முழுப் படலமாகக் கழன்று வரும். பூச்சு சுமார் 20 நானோமீட்டர் இருந்தால் போதும்; 30-ஐத் தாண்டினால் வெப்பநிலை எதுவானாலும் செல் ஒட்டுவதில்லை. நோயாளியின் வாய்ச் சவ்விலிருந்து இவ்வாறு வளர்த்த படலங்களை நால்வரின் கண்களில் பொருத்திக் கார்னியாவைச் சீரமைத்த செய்தி 2004-இல் வெளியானது. தையல்கூடத் தேவைப்படவில்லை.