இராமேஸ்வரம் மரச்சிலந்தி: அடையாளம் காண்பது எப்படி?

சிலந்தி என்றதும் குர்ஆனின் அல்-அன்கபூத் அத்தியாயம் கூறும் சிலந்தி வீடுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் இராமேஸ்வரம் தீவில் வாழும் இந்த இனம் வலை பின்னி இரை பிடிப்பதில்லை. பகலில் புளி, பனை போன்ற மரங்களின் பொந்துகளில் பதுங்கி, இரவில் பூச்சிகளை வேட்டையாடுகிறது.

2004இல் ஆண்ட்ரூ ஸ்மித் இதற்கு 'பொய்சிலோதீரியா ஹனுமவிலாசுமிக்கா' எனப் பெயரிட்டார். அங்குள்ள கோயில் தோப்பின் பெயரைத் தழுவியது அது.

அடையாளங்கள்: மயிரடர்ந்த தட்டையான உடல், மரப்பட்டையோடு ஒன்றிப்போகும் சாம்பல் நிறக் கோலம், முன்கால்களின் அடிப்புறத்தில் மஞ்சள் நிறம். கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரலாம். மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பொந்துள்ள முதிய மரங்கள் வெட்டப்படுவதே இதற்குப் பேராபத்து. மதுரையிலிருந்து அங்கு செல்லும் நாம், கண்டால் பிடிக்காமலும் அடிக்காமலும் விலகிச் செல்வோம். பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுப்போம்.